அச்சைத் தூக்கும்போது ஏன் பூ கலங்கியது? ஆத்தங்குடித் தொழிலாளி ஒருவரின் கழுத்து அறுவை சிகிச்சை: நிகழ்வு ஆய்வு

58 வயது ஆண். ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் பூ ஓடு, போடுபவர். சர்க்கரை உண்டு, மாத்திரையில் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. இரண்டு கையிலும் மதமதப்பு, இடது கையில் கூடுதல். வேலையில் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம். கழுத்து வலி கிடையாது. முதல் நாள் என் நோட்டில் எழுதியது இவ்வளவுதான். நான் காரைக்குடியில் பிசியோதெரபி நிலையம் நடத்துகிறேன். அவர் வந்தது கைக்குப் பயிற்சி கேட்டு. கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அவருடைய குறை புரியும். இரும்புச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடி. அதன்மேல் தகட்டால் செய்த பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் சிமென்ட்டோடு கரைத்த சாயத்தைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். சிவப்பு அதன் அறையில் நிற்க வேண்டும், மஞ்சள் அதன் அறையில். ஊற்றி முடித்ததும் அச்சை நேர் மேலே தூக்க வேண்டும். கை ஒரு நூல் சாய்ந்தாலும் சாயம் ஒன்றோடொன்று கலந்து இதழின் ஓரம் பிசிறிவிடும். அதற்கப்புறம்தான் மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவுவது, ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுவது, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பது எல்லாம். மற்ற வேலைகளில் கொஞ்சம் முன்பின் ஆனால் சமாளிக்கலாம். அச்சைத் தூக்குவதில் முடியாது.

"தம்பி, அச்சைத் தூக்கையில பூவு கலங்குது" என்றுதான் ஆரம்பித்தார். கலங்கின கல்லை மேஸ்திரி தனியாக அடுக்கி வைக்கத் தொடங்கியிருந்தார். கல் எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் அந்த அடுக்கு அவருடைய சம்பளம். கடைசியில் பூ வேலையை விட்டுக் கலவை போடும் வேலைக்கு மாறிக்கொண்டார். முப்பது வருடத்துக்கு மேல் பூ போட்ட கைக்கு அது பெரிய இறக்கம்.

மதமதப்பு தொடங்கி அதற்குள் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வேறொரு ஊரில் காட்டியிருக்கிறார். நரம்புக் கடத்தல் சோதனையில் மணிக்கட்டில் நரம்பு லேசாக நெருக்கப்படுவது தெரிந்தது. மணிக்கட்டுக்குப் பட்டை, வைட்டமின் மாத்திரை, சர்க்கரையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சோதனை முடிவு பொய்யில்லை. சர்க்கரை இருப்பவருக்கும் கையால் உழைப்பவருக்கும் மணிக்கட்டில் அப்படி இருப்பது சாதாரணம். ஒரு நோய் கையில் கிடைத்ததும் அத்தோடு தேடுவதை நிறுத்திவிட்டதுதான் கோளாறு. கழுத்துத் தண்டுவட நெருக்கம், அதாவது மைலோபதி, இப்படிக் கையில் தேடப்பட்டு வருடக்கணக்கில் தள்ளிப்போவது உலகம் முழுக்க நடக்கிறது. முதல் அறிகுறிக்கும் சரியான பெயர் கிடைப்பதற்கும் நடுவே சராசரியாக இரண்டு வருடத்துக்கு மேல் போகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன.

காலைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் சொன்னார். நடக்கும்போது செருப்பு கழன்று போவது தெரிவதில்லையாம். பத்தடி தாண்டிய பிறகு தரை சுடும்போதுதான் திரும்பிப் பார்ப்பாராம். குன்றக்குடி மலைக் கோயிலில் ஏறும்போது தெரியவில்லை, இறங்கும்போது கைப்பிடியை விட முடியவில்லை. ராத்திரி சிறுநீர் வந்தால் அடக்க முடியாமல் அவசரமாக எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. "அது சர்க்கரையால" என்று அவரே காரணமும் வைத்திருந்தார். கை, கால், சிறுநீர் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் கழுத்துதான் ஞாபகம் வரும்.

அவருடைய சம்சாரம் இன்னொன்றும் சொன்னார். பக்கத்து ஊரில் சுளுக்கு வழிப்பவரிடம் நாள் குறித்தாகிவிட்டதாம். கழுத்தை ஒரு திருகு திருகினால் நரம்பு விட்டுவிடும் என்றாராம் அவர். என்னிடம் வந்துவிட்டுப் போகலாம் என்று இருந்திருக்கிறார்கள். எண்ணெய் போட்டு நீவுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தண்டுவடம் ஏற்கெனவே நெருக்கப்பட்டிருக்கும் கழுத்தைத் திடீரென்று திருகுவது ஆளை ஒரே நொடியில் படுக்கையில் போட்டுவிடலாம். சாதாரணமாக வழுக்கி விழுவதே இப்படிப்பட்டவர்களுக்குக் கையை முடக்கிவிடக்கூடும். அந்த நாளை ரத்து செய்ய வைத்தேன்.

பரிசோதனை

சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னேன். மேலிருந்து இரண்டாவது பொத்தானில் விரல் நின்றுவிட்டது. கண்ணால் பார்த்துக்கொண்டே போட்டால் எப்படியோ நுழைகிறது. நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டு போடச் சொன்னால் துணியைத்தான் நுழைக்கிறார். விரல் நுனிக்குத் தான் எதைப் பிடித்திருக்கிறோம் என்று தெரியவில்லை. அந்த ஒரு நிமிடம் எந்த மிஷினும் சொல்லாததைச் சொன்னது.

அடுத்து பத்து நொடிச் சோதனை. கையை வேகமாக மூடி முழுசாக விரிக்க வேண்டும், பத்து நொடியில் எத்தனை தடவை என்று எண்ண வேண்டும். சரியாக இருப்பவர்கள் இருபதைத் தாண்டுவார்கள். இவர் வலது கையில் 14, இடது கையில் 11. இரண்டு கையையும் நீட்டி விரலைச் சேர்த்து வைக்கச் சொன்னால் சுண்டுவிரல் தானாக விலகிப் போயிற்று. நடுவிரல் நகத்தை மெல்லச் சுண்டியதும் கட்டைவிரல் துள்ளி மடங்கியது. இதை ஹாஃப்மன் குறி என்பார்கள். உள்ளங்காலை ஓரமாகக் கீறினால் பெருவிரல் கீழே மடங்காமல் மேலே எழும்பியது. இரண்டும் கோளாறு தண்டுவடத்தில் என்று காட்டும் குறிகள்.

முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் வெடுக்கென்று உதைத்தது. ஆனால் கணுக்காலில் ஒன்றுமே இல்லை. நம்மை வழிதவற வைப்பது இதுதான். சர்க்கரையால் பழுதான நரம்பு அனிச்சையைக் குறைக்கும். தண்டுவடம் நெருக்கப்பட்டால் அனிச்சை கூடும். இவருக்கு இரண்டும் இருந்தது. கணுக்காலை மட்டும் பார்த்திருந்தால் சர்க்கரை என்றே முடிந்திருக்கும்.

இந்த நோயின் கடுமையை அளக்க ஜப்பானிய எலும்பியல் சங்கத்தின் அளவுகோலைத் திருத்தி உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். கைக்கு 5, காலுக்கு 7, கையின் உணர்ச்சிக்கு 3, சிறுநீருக்கு 3, மொத்தம் 18. பதினைந்திலிருந்து பதினேழு வரை லேசானது, 12 முதல் 14 வரை நடுத்தரம், 11-ம் அதற்குக் கீழும் கடுமை. மிகவும் சிரமப்பட்டுப் பொத்தான் போடுகிறார், கைக்கு 3. கைப்பிடியைப் பிடித்துத்தான் படி இறங்குகிறார், காலுக்கு 4. உணர்ச்சி 2, சிறுநீர் 2. கூட்டினால் 11. கடுமை.

அன்றைக்கே பயிற்சி எதுவும் கொடுக்காமல் மதுரைக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன். இந்தக் கட்டத்தில் கழுத்துக்குப் பயிற்சி என்று ஆரம்பிப்பது நாளைக் கடத்துவது. 2017-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலும் நடுத்தரத்துக்கும் கடுமைக்கும் அறுவை சிகிச்சையைத்தான் பரிந்துரைக்கிறது. லேசானதற்கு மட்டுமே பயிற்சி ஒரு மாற்றாக இருக்கிறது, அதுவும் கண்காணிப்போடு.

படங்கள்

கழுத்தெலும்புகள் ஏழு. அவற்றின் நடுவே தண்டுவடம் போகும் குழல் முன்பின்னாகச் சுமார் 17 மில்லிமீட்டர் இருக்கும். 13-க்குக் கீழே போனால் குறுகல் என்று வைத்துக்கொள்கிறார்கள். இவருக்குப் பிறவியிலேயே குழல் ஒடுக்கம். நெருக்கம் இல்லாத இடத்திலேயே 12-தான். எம்.ஆர்.ஐ.யில் மூன்றாவது எலும்பு தொடங்கி ஆறாவது வரை தண்டுவடத்தைச் சுற்றி இருக்க வேண்டிய நீர் வெள்ளையாகத் தெரியவே இல்லை. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே தண்டுவடம் தட்டையாகி, அதற்குள்ளேயே ஒரு வெள்ளைப் புள்ளி. அது தண்டுவடம் அடிபட்டிருப்பதன் அடையாளம். நாள்பட்டுச் செல்கள் செத்துப்போனதைக் காட்டும் கருமை இன்னொரு வகைப் படத்தில் தெரியும். அது இவருக்கு இல்லை. அதில் ஒரு சின்ன நிம்மதி.

தலைச்சுமைதான் காரணமா என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். இளவட்டமாக இருந்தபோது மணல் கூடை சுமந்திருக்கிறார். தேய்மானத்தில் அதற்கும் பங்கு இருக்கலாம். ஆனால் அவரோடு சேர்ந்து மணல் சுமந்த எத்தனையோ பேர் நன்றாக நடமாடுகிறார்கள். விசாலமான குழல் இருப்பவருக்கு இதே தேய்மானம் ஒன்றும் செய்திருக்காது.

சி.டி. எடுத்த பிறகு இன்னொன்று தெரிந்தது. கழுத்தெலும்புகளின் பின்பக்கம், தண்டுவடத்துக்கு முன்னால், மேலிருந்து கீழாக ஒரு தசைநார் ஓடுகிறது. அது நாலாவது, ஐந்தாவது எலும்புகளின் பின்னால் எலும்பாகவே மாறியிருந்தது. எம்.ஆர்.ஐ.யில் இது டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை, பிதுங்கியது மாதிரியே கறுப்பாகத் தெரியும். எலும்பா, டிஸ்க்கா என்று சி.டி.தான் பிரித்துச் சொல்லும். ஜப்பானில் இது அதிகம் காணப்பட்டதால் ஒரு காலத்தில் ஜப்பானிய நோய் என்றே அழைத்தார்கள். ஆசியாவின் மற்ற இடங்களிலும் உண்டு, சர்க்கரை நோயோடும் உடல் பருமனோடும் இதற்குத் தொடர்பு இருக்கிறது. எந்த அறுவை என்ற முடிவை மாற்றியதே இந்தக் கண்டுபிடிப்புதான்.

முன்னாலா, பின்னாலா

கழுத்தை அசையாமல் பூட்டாமலே நெருக்கத்தை எடுக்க முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. தலையைக் குனிந்து நிமிர்ந்தே பிழைப்பவர். மதுரை அறுவை மருத்துவர் இரண்டு தடவை உட்காரவைத்துப் பேசினார். இரண்டாவது தடவை மகளும் நானும் கூடப் போனோம்.

கழுத்தின் முன்பக்கமாகப் போய் டிஸ்க்கை எடுத்து, இரண்டு எலும்பையும் ஒட்டவைப்பது நெடுநாளாக நடக்கும் நல்ல அறுவை. ஒன்றிரண்டு இடத்தில் நெருக்கம் என்றால் அதுதான் பெரும்பாலும் முதல் தேர்வு. மூன்று நாலு இடம் என்றால் ஒட்டாமல் போவதும் விழுங்குவதில் சிரமமும் கூடும். இவருக்கோ முன்னால் இருப்பது எலும்பாகிப்போன தசைநார். அது தண்டுவடத்தின் உறையோடு ஒட்டியிருந்தால் பிரித்தெடுக்கும்போது உறை கிழிந்து நீர் கசியும். செயற்கை டிஸ்க் வைத்தால் அசைவு நிற்காது என்று மகள் எங்கோ படித்துவிட்டு வந்திருந்தார். அது ஒன்று அல்லது இரண்டு இடத்துக்கு, டிஸ்க்தான் குற்றவாளி என்றால். தசைநார் எலும்பாகியிருக்கும் கழுத்துக்கு அது பொருந்தாது. விலையைக்கூட நாங்கள் விசாரிக்கவில்லை.

மிச்சம் பின்பக்கம். எலும்பின் பின்வளைவுகளை மொத்தமாக எடுத்துவிட்டால் தண்டுவடத்துக்கு இடம் கிடைக்கும். ஆனால் பின்னால் பிடிமானம் போய், வருடங்கள் கழித்துக் கழுத்து முன்னால் கூன ஆரம்பிக்கலாம். அதனால் திருகாணியும் கம்பியும் போட்டுப் பூட்டுவார்கள். கழுத்து ஏற்கெனவே கூனியிருந்தாலோ, எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவினாலோ அதுதான் சரி. பூட்டிய இடத்தில் அசைவு மட்டும் இருக்காது.

இவருக்குச் செய்தது லாமினோபிளாஸ்டி. 1970-களில் ஜப்பானிய மருத்துவர்கள் இதை வளர்த்தெடுத்தார்கள். அதில் ஹிராபயாஷியின் முறைக்குத் திறந்த கதவு என்றே பெயர். பின்வளைவை எடுத்து எறிவதில்லை. ஒரு பக்கம் முழுசாக அறுத்து, மறுபக்கம் பாதி ஆழத்துக்கு மட்டும் குடைந்து, அந்தப் பக்கத்தைக் கீலாக வைத்துத் திறக்கிறார்கள். திறந்த இடைவெளியில் சின்ன டைட்டானியம் தகடு. ஆரம்பத்தில் நூலால் இழுத்துக் கட்டினார்கள். சில கதவுகள் திரும்ப மூடிக்கொண்டதால் பிற்பாடு தகடு வந்தது. குரோக்காவாவின் இன்னொரு முறையில் நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் திறப்பார்கள். எலும்புக்கு எலும்பு ஒட்டவைப்பது எதிலும் கிடையாது, அதனால்தான் அசைவு மிஞ்சுகிறது.

"ஆச்சி வீட்டு நிலைக்கதவு ஒரு பக்கம் மட்டும் தொறந்த மாதிரியா?" என்று கேட்டார் அவர். அதேதான் என்றார் மருத்துவர். குடுமி உடைந்தால் கதவு உள்ளே விழுந்துவிடும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். கீல் பக்கம் கூடுதலாகக் குடைந்துவிட்டால் நடப்பது அதுதான், விழும் இடம் தண்டுவடம்.

கதவைத் திறந்தால் முன்னால் இருக்கும் எலும்புத் தசைநார் அப்படியேதான் இருக்கும். தண்டுவடம் பின்னால் நகர்ந்து அதனிடமிருந்து தப்பிக்க வேண்டும். கழுத்து இயல்பாகப் பின்வளைந்து இருந்தால்தான் அது நகரும். கூனிய கழுத்தில் எத்தனை கதவு திறந்தாலும் தண்டுவடம் முன்னாலேயே இழுபட்டு நிற்கும். இதைக் கணிக்க ஒரு எளிய கோடு இருக்கிறது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இரண்டாவது எலும்பின் இடத்தில் குழலின் நடுப்புள்ளியையும் ஏழாவதின் இடத்தில் நடுப்புள்ளியையும் சேர்த்துக் கோடு போடுங்கள். எலும்பாகிய பகுதி அந்தக் கோட்டைத் தாண்டாவிட்டால் பின்வழி அறுவை பலன் தரும் வாய்ப்பு அதிகம். 2008-இல் ஜப்பானியர்கள் விவரித்த கே கோடு இது. இவருடைய எக்ஸ்ரேயில் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் போட்டுக் காட்டினார் மருத்துவர். எலும்பாகிய பகுதி கோட்டுக்கு முன்னாலேயே நின்றது, இடைவெளி நன்றாகத் தெரிந்தது. குனிந்து நிமிர்ந்து எடுத்த எக்ஸ்ரேக்களில் நழுவலும் இல்லை. அப்புறம், கழுத்து வலி இல்லை என்பதும் இங்கே அவருக்குச் சாதகம். வலியே பிரதானமாக இருப்பவருக்கு இந்த அறுவை ஏமாற்றம் தரலாம்.

முன்னாலா பின்னாலா என்ற சண்டை மருத்துவர்களிடையே பழையது. 2021-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் 163 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. ஒரு வருடம் கழித்து உடல் இயக்கத்தில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிக்கல்கள் முன்வழியில் கூடுதல். பின்வழியில் லாமினோபிளாஸ்டி செய்தவர்கள் நன்றாகவே இருந்தார்கள். ஆனால் யாருக்கு அதைச் செய்வது என்று மருத்துவர்தான் தேர்ந்தெடுத்தார், குலுக்கல் முறையில் அல்ல. பொருத்தமான கழுத்துகளைப் பொறுக்கியெடுத்ததே அந்த நல்ல முடிவுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் இதுதான் சிறந்த அறுவை என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. இந்தக் கழுத்துக்கு இது பொருந்தியது.

"கை கால் விழுந்துடுமா சார்?" என்று மகள் கேட்டார். எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. அந்த ஆபத்து இருக்கிறது, குறைவு என்றார் மருத்துவர். செய்யாவிட்டால் படிப்படியாக விழும், அது எப்போது என்றுதான் தெரியாது என்றும் சொன்னார். இன்னொன்றும் சொன்னார், அது எனக்குப் பிடித்திருந்தது: "இதுக்கு மேல கெடாம நிறுத்தறதுதான் நான் ஒத்துக்கிட்ட வேலை. திரும்பி வர்றது உங்க தண்டுவடத்தோட கையில இருக்கு."

அறுவை

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருந்தார், அனுமதிக்கு விண்ணப்பித்தார்கள். அதற்குள் இன்சுலின் போட்டுச் சர்க்கரையை இறக்கினார்கள். கழுத்தின் பின்பக்கக் காயம் சர்க்கரைக்காரர்களுக்குச் சீழ் பிடிப்பதில் பேர்போனது.

மயக்கம் கொடுக்கும்போதே ஜாக்கிரதை தொடங்கியது. சுவாசக்குழாய் போடத் தலையைப் பின்னால் சாய்ப்பதுதான் வழக்கம். இப்படிப்பட்ட கழுத்தில் பின்னால் சாய்த்தால் குழல் இன்னும் ஒடுங்கும். அதனால் கேமரா வைத்த கருவியால் கழுத்தை அசைக்காமல் குழாய் போட்டார்கள். குப்புறப் படுக்கவைத்து, மண்டையோட்டைப் பிடிக்கும் கவ்வியால் தலையை நிலைநிறுத்தி, ரத்த அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். நெருக்கப்பட்ட தண்டுவடத்துக்கு ரத்தம் ஏற்கெனவே குறைவு. மூளையிலிருந்து கை காலுக்குப் போகும் மின்குறியைக் கடைசி வரை திரையில் பார்த்துக்கொண்டிருந்தார் ஒருவர்.

நாலு, ஐந்து, ஆறாவது எலும்புகளின் கதவை இடது பக்கம் திறந்தார்கள், அந்தப் பக்கத்தில்தான் தொந்தரவு அதிகம். மூன்றாவதின் பின்வளைவை மட்டும் முழுசாக எடுத்துவிட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. மூன்றாவதைக் கதவாக்க வேண்டுமானால் இரண்டாவது எலும்பில் ஒட்டியிருக்கும் தடித்த தசையை விலக்கிப் பிரிக்க வேண்டிவரும். கழுத்தைப் பின்னால் நிமிர்த்திப் பிடிப்பதில் அந்தத் தசைக்குப் பெரிய பங்கு. அதை அறுத்தால் பிற்பாடு கழுத்து வலியும் கூனும் வரலாம். ஏழாவதின் முள்முனையையும் அதே காரணத்துக்காகத் தொடாமல், மேல் ஓரத்தை மட்டும் உள்பக்கமாகக் குடைந்துவிட்டார்கள். அசைவைக் காப்பாற்றும் அறுவை என்று பெயர் வாங்கித் தருவதில் தகட்டுக்கு இருக்கும் அளவு பங்கு தசையை விட்டுவைப்பதற்கும் இருக்கிறது. விளம்பரத்தில் தகடுதான் வரும்.

கதவு திறந்ததும் தண்டுவடத்தின் உறை மறுபடி துடிக்க ஆரம்பித்ததாக மருத்துவர் பிறகு சொன்னார். ஏறக்குறைய மூன்று மணி நேரம். ரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள்

மறுநாளே விரல் லேசாகிவிட்டது என்று போனில் சொன்னார். இரண்டாம் நாள் நடக்கவைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. விரல்கள் நன்றாக மூடி விரிகின்றன, பொத்தான்கூடப் போடுகிறார். ஆனால் தலை சீவக் கை எழவில்லை. வலி இல்லை. சம்சாரம் அழுதுவிட்டார்.

இது கழுத்திலிருந்து தோளுக்குப் போகும் ஐந்தாவது நரம்பின் பலவீனம். இந்த அறுவைக்குப் பிறகு நூறில் ஐந்து பேருக்கு வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அறுவை முடிந்த அன்று இருக்காது, சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும். தண்டுவடம் பின்னால் நகரும்போது அந்த நரம்பு இழுபடுகிறது என்பது ஒரு விளக்கம். இவருக்கு இடது பக்கம் அந்த நரம்பு வெளியேறும் துளையே குறுகலாக இருந்ததை சி.டி.யில் முன்பே பார்த்திருந்தோம். உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் அது வேறு கதை, உடனே திறந்தாக வேண்டும். அதனால் அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ரத்தக் கட்டு இல்லை, தண்டுவடத்தைச் சுற்றி வெள்ளையாக நீர் தெரிந்தது, கதவும் தகடும் இருந்த இடத்தில் இருந்தன.

கையெழுத்து வாங்கும்போதே இதைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். சொன்னது யாருக்கும் நினைவில் இல்லை. இப்போது நான் அனுப்பும் நோயாளிகளுக்கு இதைத் தனியாக ஒரு காகிதத்தில் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்: கை எழாமல் போகலாம், பெரும்பாலும் மாதங்களில் திரும்பும், அதுவரை தோள் இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரைக்குடியில்

கழுத்துப் பட்டையை இரண்டு வாரத்தில் கழற்றச் சொல்லிவிட்டார் மருத்துவர். இதில் வீட்டாரோடு எனக்குத் தகராறே வந்தது. கழுத்தில் ஆபரேஷன் செய்தவர் பட்டை போட்டுக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும் என்பது ஊர் நம்பிக்கை. பூட்டிய கழுத்துக்கு அது சரியாக இருக்கலாம். அசைவுக்காகவே செய்த அறுவையில் இரண்டு மாதம் பட்டையோடு இருந்தால் காப்பாற்றிய அசைவு அப்படியே இறுகிப்போகும். பட்டை கழன்றதும் மெதுவாகத் திருப்புவது, தலையைக் கையால் தடுத்து எதிர்த்து அழுத்துவது, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்ப்பது. தலைச்சுமை, கலவை மூட்டை தூக்குவது இரண்டுக்கும் தடை.

இடது தோளுக்கு மேஜைமேல் துணி போட்டு வழுக்கிவிடும் பயிற்சி. ஆறாவது வாரம் கையை ஒரு சாண் எழுப்பினார். நாலாவது மாதம் தலைக்கு மேல் போயிற்று, ஐந்தாவது மாத முடிவில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்று.

விரல் வேலைக்கு மிஷின் எதுவும் தேவைப்படவில்லை. வீட்டில் பல்லாங்குழி இருந்தது. புளியங்கொட்டையை அள்ளி ஒவ்வொன்றாகப் போட வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு எத்தனை இருக்கிறது என்று விரலால் எண்ண வேண்டும். சம்சாரம் ஆட்டத்தில் விட்டுக்கொடுக்கவே இல்லை. பிறகு பட்டறையிலிருந்து பழைய அச்சு ஒன்றை வாங்கி வந்து கண்ணாடிமேல் வைத்து, சாயத்துக்குப் பதிலாகச் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிப் பழகினார். அந்தப் பயிற்சியைக் கண்டுபிடித்தது அவர்தான். நானாக யோசித்திருக்க மாட்டேன்.

ஒரு வருடம் முடிந்தபோது கைக்கு 4, காலுக்கு 6, உணர்ச்சி 2, சிறுநீர் 3. மொத்தம் 15. இழந்த ஏழில் நாலு திரும்பியிருக்கிறது, அதாவது 57 சதவீதம். பத்து நொடிச் சோதனையில் இடது கை 11-லிருந்து 17-க்கு வந்தது. விரல் நுனி மதமதப்பு போகவில்லை, இனி போகும் என்று நான் நினைக்கவும் இல்லை. கணுக்கால் அனிச்சை வரவில்லை, அது சர்க்கரையின் கணக்கு. ஒன்றரை வருடம் முன்பே மணிக்கட்டோடு நிறுத்தாமல் முழங்காலையும் ஒரு தட்டு தட்டியிருந்தால் இந்த எண் இன்னும் மேலே போயிருக்கும். அறிகுறி தொடங்கி அறுவை வரைக்கும் எவ்வளவு நாள் போகிறதோ அவ்வளவுக்குத் திரும்புவது குறைகிறது.

அசைவு மிஞ்சியது என்றால் முன்பிருந்த அளவு அப்படியே இருக்கிறது என்று பொருளில்லை. குனிவது நன்றாக இருக்கிறது. டிவிஎஸ் எக்ஸெல்லில் போகும்போது திரும்பிப் பின்னால் வரும் பஸ்ஸைப் பார்க்க முடிகிறது. அண்ணாந்து பார்ப்பதில் குறைவு. செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நின்று கூரையின் மரவேலையைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திக் கழுத்தைத் தடவிக்கொண்டார். மாலையில் தோள்பட்டைக்கு நடுவே ஒரு பிடிப்பு வருகிறது. முன்பு இல்லாதது. இந்த அறுவைக்குப் பிறகு பலருக்கும் வருவதுதான்.

பட்டறைக்குத் திரும்பிவிட்டார். இரண்டு சாயம், மூன்று சாயம் உள்ள பூ போடுகிறார். நெருக்கமான இதழ் உள்ள பழைய அச்சுகளை இளையவர் ஒருவரிடம் விட்டுவிட்டார். கலங்கின கல்லைத் தனியாக அடுக்குவது நிற்கவில்லை, அடுக்கு சிறிதாகிவிட்டது.

எலும்பாகிய தசைநார் உள்ளேதான் இருக்கிறது. இந்த அறுவைக்குப் பிறகும் அது மெல்ல வளர்வதுண்டு, கே கோட்டைத் தாண்டும் அளவுக்குப் போனால் மறுபடி யோசிக்க வேண்டிவரும். அதனால் வருடத்துக்கு ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரே, அறிகுறி மாறினால் சி.டி.

குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் அவருடைய தம்பியையும் வரச் சொன்னேன். அவரும் அதே பட்டறைதான். எக்ஸ்ரேயில் அவருக்கும் ஐந்தாவது எலும்பின் பின்னால் லேசான கோடு தெரிகிறது. பொத்தான் சரியாகப் போடுகிறார், ஹாஃப்மன் இல்லை, பத்து நொடியில் 23. அறிகுறி எதுவும் இல்லாத கழுத்தைப் படத்தை மட்டும் பார்த்து அறுக்கத் தேவையில்லை என்று மதுரை மருத்துவரும் சொல்லிவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போகிறார்.